மரக்கடை மாமாவின் குடையும் எங்கள் வீட்டுச் சுவரும்

காலையில் அல்சூர் ஏரியோரம் நடந்துவிட்டு, இட்லிக் கடையில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசும் என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வார்டு தேர்தல் வருகிறது, வருகிறது என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிச் சொல்லி, இப்போது மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. யார் அதிகம் தள்ளுபடி தருவாரோ அவருக்கே நம் ஓட்டு என்றீர்கள். எதையும் சும்மா தருகிறேன் என்று சொல்லாதவருக்குத்தான் என் ஓட்டு என்றேன் நான். "நீ உங்கப்பா மாதிரியே இருக்கே, அந்தக் காலத்து ஆளு" என்று சிரித்தீர்கள். அதோடு விட்டிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் ஜீவனஹள்ளியில் நாம் எல்லாரும் வளர்ந்த அதே தெருக்காரி ஒருத்தி, "ஒரு சுவத்துக்காகப் பெத்த பொண்ணு கல்யாணத்தையே கெடுத்த மனுஷன் ஆச்சே" என்றாள். அதற்கப்புறம் எனக்குக் காபி இறங்கவில்லை.

ஆமாம், நான் பழைய ஆள்தான். கந்தாயத்தை முதல் ஆளாகக் கட்டிவிடுகிறேன். வீட்டு வரிக்கு எங்கள் பக்கத்தில் கந்தாயம் என்றுதான் பெயர். கட்டிவிட்டு, சாக்கடை அடைத்துக்கொண்டால் நேரே போய்ச் சண்டை போடுகிறேன். வரியை ஏற்றினால் திட்டுகிறேன், கட்டாதே என்று எவனாவது சொன்னால் அவனையும் திட்டுகிறேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தச் சுவர்க் கதையை நீங்கள் தெருவில் நின்று பார்த்தீர்கள். நான் வீட்டுக்குள் இருந்தவள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கிறிஸ்துமஸ் முடிந்து, ஸ்வெட்டரைக் கழற்ற மனமில்லாத தை மாதக் குளிர். ஜீவனஹள்ளி முழுக்க அவரைக்காய் வாசனை. நம் எல்லார் வீட்டிலும் சாயங்காலமானால் தண்ணீரில் ஊறப்போட்ட அவரைக்கொட்டையைப் பிதுக்குவதுதான் வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போகும். தோலைத் தனியாகவும் பருப்பைத் தனியாகவும் போடச் சொன்னால் நான் தெரிந்தே மாற்றிப் போடுவேன், அக்கா என் தலையில் குட்டுவாள். அந்த மாதிரிக் குட்டுவதற்கு இன்னும் சில வாரங்கள்தான் அவள் வீட்டில் இருப்பாள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அக்காவுக்கு இருபத்தொரு வயது. மரக்கடை மாமாவின் மகனோடு நிச்சயம் ஆகியிருந்தது. மரக்கடை மாமா எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் தெருவில் எல்லாருக்கும் மாமா. இரண்டு தெரு தள்ளி மரக்கடை, மாதா கோயில் கமிட்டியில் பதவி, வெள்ளை வேட்டி, வீட்டு முன்னால் ஸ்கூட்டர். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு அது பெரிய இடம். கோயிலில் முதல் ஓலை வாசித்தாயிற்று. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூன்று ஞாயிறு பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று சாமியார் வாசிப்பார். மூன்றாவது ஓலை முடிந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அக்கா முதல் ஓலையன்று முந்தானையை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே சிரித்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

சுவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்மா தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத் தொழிலாளி மகள், லைன் வீட்டில் வளர்ந்தவள். வீடு கம்பெனியுடையது, தண்ணீர், விளக்கு எல்லாம் கம்பெனியுடையது. யாரும் வரி கட்டியதில்லை. தாத்தாவுக்கு வேலை முடிந்ததும் சட்டி பானையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். அம்மா அதை யார்மீதும் குற்றமாகச் சொல்லமாட்டாள். "அது அவங்க வூடு, எடுத்துக்கினாங்க" என்பாள். ஜீவனஹள்ளியில் அப்பா பிராவிடண்ட் பணத்தில் கடன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கல் சுமந்து ஓர் அறையும் சமையலறையும் கட்டினார். தெருப்பக்கம் நீளமாக ஒரு காம்பவுண்டுச் சுவர். உள்ளே சோபா இல்லை, ஃபேன் இல்லை, சுவர் மட்டும் ராஜா வீட்டுச் சுவர். முதல் கந்தாயம் கட்டிவிட்டு வந்த நாளில் அம்மா அந்தச் சுவர்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாளாம். கிறிஸ்துமசுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்போம். பழைய எண்ணெய் டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது புஸ்ஸென்று கொதித்து, மூக்கைக் கூசவைக்கும் ஒரு வாசனை வரும். அதில் கொஞ்சம் துணிக்குப் போடும் நீலம் கலப்பார் அப்பா.

அந்தத் தை மாதத்தில்தான் வார்டு தேர்தல். மரக்கடை மாமா சுயேச்சையாக நின்றார், குடைச் சின்னம். அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டை மாற்றிக்கொண்டு மாமாவோடு வீடு வீடாகப் போவார். நானும் தொற்றிக்கொள்வேன், போகிற வீட்டிலெல்லாம் பிஸ்கட் கிடைக்கும். மாமா அப்போது நன்றாகத்தான் பேசினார்.

"வரியை ஒரு பைசா ஏத்த விடமாட்டேன். நீங்க கட்டுற வரிக்கு நம்ம தெருவுல சாக்கடை எங்கேன்னு போயி நிப்பேன். வேற ஒண்ணும் நான் தர்றதா சொல்லலே."

அப்பா திரும்பி வரும்போது, "மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். கை நீட்டி எதையும் வாங்காதே, கட்டவேண்டியதைக் கட்டு, கட்டியதற்குக் கேள். அப்பாவின் அரசியல் அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்கிற ஒரு வேட்பாளர், அதுவும் சம்பந்தியாக வரப்போகிறவர் என்றால் கேட்கவா வேண்டும்?

பிறகு எதிர் வேட்பாளர் தெருமுனையில் மைக் கட்டி, தான் ஜெயித்தால் கந்தாயமே தள்ளுபடி என்றார். மறுநாள் குழாயடியில் வேறு பேச்சில்லை. மாமாவுக்குப் பயம் வந்துவிட்டது. அந்த வாரமே அவரும் கூட்டம் போட்டார். மரம் ஏற்றும் வண்டிமேல் நின்று, "நான் சொல்றேன், இந்த வருஷம் யாரும் கந்தாயம் கட்டாதீங்க! பாக்கியையும் சேத்துத் தள்ளுபடி வாங்கித் தர்றது என் பொறுப்பு!" என்றார். விசில் பறந்தது. அப்பா வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "ஏங்க, எல்லாரும் கட்டலேன்னா நாமளும் சும்னே இருந்துட்டா என்னா? கல்யாணச் செலவுக்கு ஆவுமே."

"அவர் குடுக்கிறேன்னு சொல்றது அவர் வூட்டுக் காசா? நாளைக்கு இந்தத் தெரு சாக்கடையைப் போடறது எந்தக் காசுலே?" என்றார் அப்பா. "நீ லைன் வூட்டுல இருந்தவ. ஓசியில இருக்கிற வூடு யார் வூடுன்னு உனக்கா நான் சொல்லணும்?"

மறுநாளே ஷிஃப்ட் முடிந்ததும் அப்பா பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கந்தாயம் கட்டினார். கவுண்டரில் ஈ காக்கை இல்லை. உள்ளே இருந்தவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, என்ன சார், நீங்கள் ஒருவர்தானா என்று கன்னடத்தில் கேட்டார். வீடு என்னுடையது ஒன்றுதானே சார் என்று அப்பாவும் கன்னடத்திலேயே சொன்னார். எனக்குத் தேன்மிட்டாய் வாங்கித் தந்தார். நாங்கள் பஸ் இறங்கி வருவதற்குள் சேதி எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வேட்பாளரின் சம்பந்தியே கட்டிவிட்டார் என்றால் தள்ளுபடியை யார் நம்புவது? மரக்கடைப் பக்கம் புகைந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்து, நல்ல துணியோடு நாங்கள் நான்கு பேரும் தெருவுக்குள் திரும்பினோம். எங்கள் சுவர் முழுக்க நீலத்தில் ஒரு குடை. நாலு மூலையிலும் 'ரிசர்வ்டு' என்று எழுதியிருந்தது. தேர்தல் வந்தால் சுவர் பிடிப்பவர்கள் முதலில் செய்வது அதுதான், வேறு கட்சிக்காரன் தொடாமலிருக்க. பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கிப் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு எழுதினே?" என்றார் அப்பா.

"கேக்கத் தேவையில்லேன்னாரு சார். சம்பந்தி வூடு, நம்ம சுவருதான்னாரு."

அப்பா நல்ல சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் குடையை அழித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே மாமா வந்தார். கோபமாக வரவில்லை, முகம் வாடி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "சம்பந்தி, உங்ககிட்ட வந்து 'ஐயா, உங்க சுவத்துல எழுதிக்கட்டுமா'ன்னு நான் கேட்டிருந்தா, அது உங்களை வேத்தாளா நெனைச்ச மாதிரி ஆவாதா?" என்று கேட்டார்.

அது நடிப்பு என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்த வயதில் யோசித்தால், பாதி நிஜம் என்று தோன்றுகிறது. நம்மவர்களில் நெருங்கிய சொந்தத்திடம் கேட்டு எடுப்பதுதான் அவமரியாதை. பக்கத்து வீட்டு உரலைக்கூட நாம் கேட்டா எடுத்தோம்? மாமா தம் வழக்கப்படி மரியாதைதான் செய்திருக்கிறார். அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். ஆனாலும் நான் அப்பா பக்கம்தான். உரலை எடுத்தவன் அதைத் தன் பெயரில் ரிசர்வ் பண்ணிக்கொள்ளமாட்டான்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன், சம்பந்தி. போன மாசம் வந்து கேட்டிருந்தா நானே பெயிண்ட் வாங்கித் தந்திருப்பேன். இப்போ நீங்க சொல்றது எனக்கு ஒப்பலே. ஒப்பாத பேச்சை என் சுவத்துல எழுதி வெச்சிக்கிட்டு நான் உள்ளே எப்படிச் சோறு திங்கறது?" என்றார் அப்பா.

மாமா காபியைத் தொடாமல் எழுந்து போனார். செவ்வாய்க்கிழமை, அப்பா ஷிஃப்டுக்குப் போன நேரம் பார்த்து, குடை மறுபடி வந்தது. இந்தத் தடவை இன்னும் பெரிது. சாயங்காலம், சாமியாருக்கு உதவியாகக் கோயிலில் இருக்கும் உபதேசியாரை அனுப்பினார்கள். பாவம், அந்த மனுஷன் கையைப் பிசைந்துகொண்டே சொன்னார். ஓட்டுப்பதிவு வரைக்கும் குடை இருக்கட்டும், தொட்டால் மூன்றாவது ஓலையை நிறுத்திவைக்கச் சொல்லி மாமா சாமியாரிடம் போவார். அவ்வளவுதான் சேதி.

இனிமேல்தான் உங்களில் யாருக்கும் தெரியாத பாகம். உபதேசியார் போனதும் அப்பா வாசலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"பொண்ணு வாழ்க்கை. சுவரு எங்கேயும் போயிடாது. ஓட்டு முடிஞ்சதும் அழிச்சிக்கலாம்" என்றார்.

கேட்டுக்கொள்ளுங்கள். சுவருக்காக மகளை விட்டுக்கொடுத்தவர் என்று நீங்கள் சொல்கிற மனுஷன், மகளுக்காகச் சுவரை விட்டுக்கொடுத்துவிட்டார். அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அக்கா அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே இருந்தாள். அன்று நான் தோலையும் பருப்பையும் மாற்றிப் போட்டேன், அவள் குட்டவில்லை.

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போகத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, வெளியே டிரம் உருளும் சத்தம் கேட்டது. அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வெள்ளையடிக்க ஆரம்பித்திருந்தாள். கல்யாணம் நிச்சயமான பெண், பட்டப்பகலில், தெருவில்! அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழாயடியிலிருந்து குடத்தோடு எல்லாரும் வந்து நின்றீர்கள். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது வெளுப்புத் தெரியாது, காய்ந்தால்தான் தெரியும். அதனால் அவள் அடிக்க அடிக்கக் குடை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. நீங்கள் சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அடியே, குடைக்கு வார்னிஷ் அடிக்கிறியா?" என்று கேட்டது உங்களில் யார் வீட்டு அம்மா என்றும் தெரியும், சொல்லமாட்டேன்.

மாமா ஸ்கூட்டரில் வந்தார். ஓட்டிக்கொண்டு வந்தது மாப்பிள்ளை.

"என்னாம்மா இது? உங்கப்பா சொன்னாரா?" என்றார் மாமா.

"அப்பா இருக்கட்டும்னுதான் சொன்னாரு மாமா. நான்தான் அழிக்கிறேன்."

"நாளைக்கு நம்ம வூட்டுக்கு வரப்போற பொண்ணு நீ. உனக்கு எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்?"

அக்கா பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. "சுவத்தைக் கேக்காம எடுத்தீங்க. ஏன்னு கேட்டதுக்கு, கல்யாணத்தை நிறுத்துவேன்னு ஆள் அனுப்பினீங்க. அங்கே வந்தப்புறம் என்னை எதுக்காவது கேப்பீங்களா மாமா?" என்றாள்.

அக்கா அவரை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். நன்றாக நேருக்கு நேர் பார்த்தாள். ஏதாவது ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும், அவள் அழுதிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அவன் ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தான். அக்கா டிரம்மில் பிரஷ்ஷை முக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கத் திரும்பினாள். அப்பா வெளியே வந்து, வேலைக்குப் போகிற சட்டையோடே இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். அவர் ஷிஃப்டுக்குப் போகாத நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மத்தியான வெயிலில் சுவர் காய்ந்தது, குடை காணாமல் போனது.

மூன்றாவது ஞாயிறு சாமியார் வேறு இரண்டு குடும்பங்களின் ஓலையை வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது. அம்மா ஜெபமாலையை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தாள். அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

மாமாதான் ஜெயித்தார். நியாயமாகச் சொல்லவேண்டும், சாக்கடையை நன்றாகவே போட்டார், ரொம்ப காலம் உழைத்தது. தள்ளுபடி மட்டும் வரவில்லை. அடுத்த வருஷம் தெருவே அபராதத்தோடு கட்டியது. அதற்கும் எங்கள் வீட்டுக் கண்ணேறுதான் காரணம் என்று சொன்னவர்கள் உண்டு. அக்காவுக்கு அப்புறம் வரன் அமையவில்லை. வந்தவர்கள் சுவர்க் கதையைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆனேக்கல்லில் டீச்சராக இருந்தாள், அங்கேயே சின்னதாக வீடு கட்டினாள். தனியாக இருந்த கஷ்டம் அவளுக்கு இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். காய்ச்சலில் கிடந்து, தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். அதற்காக அவளைப் பார்த்து 'ச்சு' கொட்டுகிற உரிமை உங்களுக்கு வந்துவிடாது. அந்த வாழ்க்கையை யாரும் அவள் தலையில் கட்டவில்லை, அவள் பிரஷ்ஷும் கையுமாக எடுத்துக்கொண்டது அது.

ஓட்டுப்பதிவு அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்போதெல்லாம் இருபத்தொன்று முடிந்தால்தான் ஓட்டு, அக்காவுக்கு அது முதல் ஓட்டு. பள்ளிக்கூட வாசலில் மாமா கைகூப்பி நின்றிருந்தார். அப்பாவும் கைகூப்பிவிட்டு உள்ளே போனார். யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அக்கா விரலில் இருந்த மையை ஊதிக்கொண்டே நடந்தாள். அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என்னாலதானே உனக்கு இப்படி ஆச்சு? எம்மேல கோவமாம்மா?"

"கோவம்தாம்பா" என்றாள் அக்கா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க அழிச்சதுக்கு இல்லே. அன்னைக்கு இருந்துட்டுப் போவட்டும்னு சொன்னீங்களே, அதுக்கு."

அப்பா ரோட்டிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து, கன்னடத்தில் திட்டிவிட்டுப் போனான்.

"இனிமே சொல்லமாட்டம்மா" என்றார்.

சாகிறவரைக்கும் சொல்லவில்லை.